ஞானம்மா யாருக்காகவும் காத்திருக்கவில்லை

பிரின்சியின் மஞ்சள் நீராட்டு வீடியோவை முழுசாக ஓட்டிப் பார்த்தாலும் அவளைப் பெற்ற அப்பன் அதில் கிடைக்க மாட்டான். பந்தல் போட்டவன் இருக்கிறான். ஐஸ்கிரீம் பெட்டிக்காரன் இருக்கிறான். யார் வீட்டு நாயோ மேடைக்குக் குறுக்கே ஓடி, நாலு பேர் துரத்தி, அதுவும் பதிவாகியிருக்கிறது. இம்மானுவேல் மட்டும் இல்லை. இந்தக் குறையை அவன் வருஷக்கணக்கில் நெஞ்சில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தான். "இன்னாப்பா, பொண்ணு பங்ஷன்ல உன்னையே காணோம்?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "எங்க அக்காவைப் போய்க் கேளு."

அக்கா என்றால் ஞானம்மா. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரி. கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வீட்டில் ஒரு ஆளிடம் பேசினாலும் அதே அளவில்தான் வரும். அவள் புருஷன் காட்டுப்பள்ளி ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி அடித்துச் செத்தான். அப்போது மகன் பென்னி கைக்குழந்தை. அழுதாள், முடித்தாள், வேலைக்குக் கிளம்பினாள். இன்னொரு கல்யாணம் பற்றிப் பேச வந்தவர்களிடம், "சோறு போடுறதுக்கு கேன்டீன்லயே அத்தினி ஆம்பளைங்க கீறானுங்க. ஊட்லயும் ஒருத்தன் எதுக்கு?" என்று சொல்லி அனுப்பினாள்.

அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பண்டிகை. நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தன் வீட்டில் கூட்டி உட்கார வைப்பாள். மகன் பென்னி, தம்பி பிள்ளைகள் பிரின்சி, ஸ்டீவன். கிறிஸ்துமஸுக்கு என்ன துணி, என்ன சாப்பாடு, மறுநாள் எங்கே போவது, எல்லாம் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதிலும் சின்னவன்தான் முதலில் பேச வேண்டும்.

"கேன்டீன்ல கடைசிப் பந்திக்கு வர்றவனுக்கு அடியில இருக்குற கருகினதுதான். அந்தச் சட்டம் என் ஊட்ல கெடையாது" என்பாள்.

ஸ்டீவன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருஷம் யானை வேண்டும் என்றான். "யானைக்கு அன்னிக்கு டூட்டியாம்டா. வேற சொல்லு" என்றாள். கடைசியில் பழவேற்காட்டில் படகு என்று முடிவானது.

எல்லோருக்கும் ஒரே தானில் துணி எடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கொஞ்சம் வளர்ந்ததும் பிரின்சி அதை எதிர்த்தாள்.

"அத்தை, சர்ச்சுக்குப் போறப்ப பேண்டு செட்டு மாதிரி இருக்கோம். பாக்குறவன்லாம் டிரம்மு எங்கன்னு கேக்குறான்."

"சரிடி. கலரு என் இஷ்டம், தையலு உன் இஷ்டம். முதுகு மட்டும் மூடியிருக்கணும்."

அந்தக் கூட்டத்தில் இம்மானுவேலுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் சவுக்குக் கம்பு நட்டு, வயர் இழுத்து, அக்கா வீட்டு மாடியில் ஸ்டார் கட்ட வேண்டும். ஃபிட்டர் ஆயிற்றே.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு மில்லில் அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அந்த வேலையின் சாபம் வெளியாட்களுக்குப் புரியாது. மில் ஓடுகிற நாளில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். மில் நிற்கிற நாளில்தான் வர முடியாது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் கிறிஸ்துமஸுக்கும் உலையை நிறுத்துவார்கள். நின்றால்தான் உருளையைக் கழற்ற முடியும், பேரிங் மாற்ற முடியும். ஷட்டவுன் என்று அதற்குப் பேர். ஊருக்கு லீவு என்றால் இம்மானுவேல் மில்லுக்குள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். ஞானம்மாவுக்கு நேர் எதிர். கம்பெனி மூடினால் கேன்டீன் மூடும், கேன்டீன் மூடினால் அவளுக்கு விடுதலை. இரண்டு வீட்டிலும் ஒரே காலண்டர்தான். அவளுக்கு லீவு என்று சிவப்பில் போட்டிருந்த நாளெல்லாம் அவனுக்கு டூட்டி.

பிரின்சி பெரிய மனுஷியானபோது ஞானம்மா மாட்டுப் பொங்கலன்று பங்ஷனுக்கு நாள் குறித்தாள். இவன் மில்லிலிருந்து போன் போட்டான்.

"அன்னிக்கு எனக்கு ஷட்டவுன்க்கா. அடுத்த ஞாயித்துக்கெழமை வை."

"அடுத்த ஞாயிறு சொந்தக்காரன்ல பாதிப் பேருக்கு ஷிப்டு. மறுநாளு பென்னிக்குப் பரீட்சை. எல்லாக் கம்பெனியும் மூடிக் கெடக்குற நாளு அது ஒண்ணுதான்டா."

"பெத்தவன் வாணாவா?"

"வாணான்னு எவன் சொன்னான்? சீக்கிரமா முடிச்சுகினு வா."

ஷட்டவுனைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு வந்தவன் இன்னும் பிறக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் அப்பனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். கிரீஸ் அப்பிய யூனிபார்மோடு நேராக மகளிடம் போனான். அவள் பட்டுப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு பழைய சுடிதாரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாம் வாம்மா."

"மேக்கப்லாம் கழுவிட்டேன்பா. தலை வேற வலிக்குது. வுடுப்பா."

ஞானம்மா தட்டில் பிரியாணி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அண்டாவின் அடியில் மிஞ்சியது. கருகல் வாடை அடித்தது.

"இந்தச் சட்டம் உன் ஊட்ல கெடையாதுன்னு சொல்லுவியே, யக்கா" என்றான். தட்டை அந்த நாற்காலியிலேயே, ஈரத் துண்டின் மேல், வைத்துவிட்டுப் போனான்.

அதோடு பேச்சு நின்றது. ஸ்டார் மட்டும் நிற்கவில்லை. டிசம்பரில் வருவான், மாடிக்கு ஏறுவான், கட்டுவான், சுவிட்சைப் போட்டுப் பார்ப்பான், இறங்குவான். "காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போயேன்டா" என்பாள். "வாணாம்." கிறிஸ்துமஸன்று மத்தியானம் பென்னியிடம் டிபன் கேரியர் கொடுத்து மில் கேட்டுக்கு அனுப்புவாள். அதை அப்படியே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுவான். அந்த ஆள் விரலைச் சூப்பிக்கொண்டே, "உங்க அக்கா கைக்கு மோதரம் போடணும்பா" என்பான். எரிகிற அடுப்பில் அது இன்னொரு விறகு.

ஒரு வருஷம் அக்காவை ஜெயித்துக் காட்டுவது என்று கிளம்பினான். ஷட்டவுனில் உழைத்ததற்கு ஈடாக ஜனவரிக் கடைசியில் லீவு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காரும் முன்பே அறிவித்தான்.

"செவ்வாயும் பொதனும் ஏலகிரி போறோம். வண்டி சொல்லிட்டேன்."

பிரின்சி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ரிவிஷன் டெஸ்ட்பா."

"எனக்கும் ஸ்கூல் கீது" என்றான் ஸ்டீவன். "நீ ஏன்பா எல்லாரும் லீவு முடிச்சப்புறம் லீவு எடுக்கிற?"

அவன் மனைவி சோனியா சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டுட்டு வண்டி சொன்னா இன்னா? உங்க அக்கா இதுங்களைக் கேக்காம ஒரு பலூனுகூட வாங்காது."

லீவு போட்டது போட்டதுதான். செவ்வாய்க்கிழமை தனியாகக் கிளம்பி, சோழவரம் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தான். ஏலகிரிக்கென்று வாங்கி வைத்திருந்த முறுக்கை அவனே தின்று தீர்த்தான்.

போன மழைக்காலத்தில் ஞானம்மா படுத்தாள். வயிற்றில் கட்டி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கல்லறைத் திருநாள் முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக் கட்டிலைச் சுற்றி உட்கார வைத்தாள். சின்னவனிலிருந்துதான் ஆரம்பித்தாள். ஸ்டீவனுக்கு மீசை அரும்பியிருந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம் அத்தை" என்றான். "வேணாம்னு சொல்றதுக்கா கூப்ட்டேன்? ஒழுங்கா எதையாவது கேளு" என்று அதட்டினாள்.

டிசம்பரில் இம்மானுவேல் ஸ்டார் கட்ட வந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. உடம்பு வற்றியிருந்தது, குரல் வற்றவில்லை.

"உள்ள வாடா. எத்தினி நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு இருப்ப?"

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டான். "ஒரு வாரம் தள்ளி வெச்சிருந்தா இன்னா கொறஞ்சு போயிருக்கும்? அத மட்டும் சொல்லு."

அவள் தலையணையைச் சாய்த்து அவன் பக்கம் திரும்பினாள்.

"நைனாவுக்காகக் காத்துகினு இருந்ததெல்லாம் உனக்கு ஞாபகம் கீதா?"

நைனா என்றது அவர்களுடைய அப்பா ஆதிகேசவனை. குப்புராஜ் என்பவரின் நிலத்தில் கூலி. நிலத்துக்காரருக்குக் கிறிஸ்துமஸ் ஏது? அன்றைக்கும் வரப்பில் நிற்க வேண்டும்.

"அது வராம அம்மா சட்டியத் தொட வுட மாட்டா. புதுத் துணியப் போட்டுகினு கறி வாசனையப் புடிச்சுகினு நம்ம ரெண்டு பேரும் குந்திகினு இருப்போம். இருட்டுனப்புறம் சேத்தோட வரும். ஒரு வருசம் நீ தூங்கிட்ட. எழுப்பி ஒரு துண்டு கறிய உன் வாயில வெச்சேன். காலைல பாத்தா அது மெல்லாம கொள்ளாம உன் கன்னத்துலயே இருந்துது. அன்னிக்கு முடிவு பண்ணேன். எந்தப் புள்ளையையும் எவனுக்காகவும் காக்க வெக்கக் கூடாதுன்னு."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"தூங்குனவனுக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?"

அவள் விடவில்லை.

"உன்னை வெளிய நிறுத்துனது நானா, அந்த மில்லா? மில்லுக்காரனைக் கேட்டா கணக்க முடிச்சு அனுப்பிடுவான். அக்காவைத் திட்டுனா மறு வருசமும் ஸ்டார் கட்டக் கூப்புடுவா. ஆளு பாத்துத்தான் கோவப்பட்டிருக்க."

அவள் சொன்னது சரி என்று அவனுக்குப் பட்டது. சரி என்று பட்டதால் கோபம் தணிந்துவிடவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியது. என்றைக்கோ தூங்கிப்போன ஒரு பையனுக்காக, இன்றைக்கு முழித்துக்கொண்டிருக்கிறவனைப் பட்டினி போட்டிருக்கிறாள். வெடுக்கென்று எழுந்து மாடிக்குப் போய் ஸ்டாரைக் கட்டினான். அந்த வருஷம் அது கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது.

ஞானம்மா கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டாள். சர்ச் முடிந்த கையோடு கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேக் வெட்டினார்கள். அந்தப் போட்டோவிலும் இம்மானுவேல் இல்லை. ஆனால் அதற்கு மட்டும் அவன் இதுவரை யாரையும் குறை சொன்னதில்லை.

பொங்கலும் போன பிறகு, எல்லாக் கம்பெனியும் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண வேலை நாளில் அவள் செத்துப்போனாள். இம்மானுவேல் சூப்பர்வைசரிடம் போய் நின்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெளம்புப்பா, போய் ஆக வேண்டியதப் பாரு. மில்லுதான் ஓடிகினு கீதே." அவ்வளவு சுலபமாக அவனுக்கு எந்த விசேஷத்துக்கும் லீவு கிடைத்ததில்லை. பென்னியும் இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறவன், முதல் ஷிப்டில் இருந்தான். பிரின்சி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் பள்ளிக்கூடத்தில். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, சாவு வீட்டில் ஸ்டார் தொங்கக் கூடாது என்று மாடியேறி அதை அவிழ்த்துக் கொண்டுவந்து மூலையில் சாத்தினான். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அக்கா வீட்டு விசேஷத்துக்கு அவன் முதல் ஆளாக வந்து நின்றது அந்த ஒரு தடவைதான். பிள்ளைகள் வரும்வரை அவளை எடுக்க அவன் விடவில்லை.

அவள் அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டது கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம். ஷட்டவுனுக்குப் போகிற வழியில், மனசு கேட்காமல், தோளில் பையோடு எட்டிப் பார்க்க வந்திருந்தான். பிள்ளைகள் முன்னறையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஞானம்மா அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"பிரின்சி ஒரே பேஜாரு பண்றாடா. அப்பா வந்தப்புறம்தான் கேக்கு வெட்டணுமாம், அதுவரைக்கும் ஒருத்தரும் சாப்பிடக் கூடாதாம். தம்பியையும் பென்னியையும்கூட சேத்துகினா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க."

எந்த வார்த்தைக்காக இத்தனை வருஷம் ஏங்கினானோ, அது பக்கத்து அறையில் சொல்லப்பட்டிருந்தது. தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான்.

"நீ எப்ப வருவ, உனக்கே தெரியாது" என்றாள் ஞானம்மா. "போய் உன் வாயால நீயே சொல்லிட்டுக் கெளம்பு. அப்பாவுக்காகக் காத்துகினு இருக்க வாணாம், நீங்க சாப்பிடுங்கன்னு."