சித்தப்பா அனுப்பிய வரைபடம்

நேற்று அம்மாவின் அலுமாரியை ஒதுக்கினேன். சிட்னிக்கு மேற்கே உள்ள ஒரு நகரசபையின் வரைபடம், மடிப்பெல்லாம் கிழிந்து, பழங்காகித வாசத்துடன் கையில் வந்தது. எனக்கு மீண்டும் ஒன்பது வயதானது.

தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்த பிறகு, வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். சிட்னியில் குடியேறிய சித்தப்பா எங்களுக்கு விசா கேட்டு விண்ணப்பித்துவிட்டு, இந்த வரைபடத்தையும் அந்த ஊரின் வரலாற்றுக் கைநூலையும் அனுப்பினார். அப்பா பின்னேரத் தேத்தண்ணியோடு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்.

“இது ஓடை. கரையெல்லாம் முந்தித் தோடம்பழத் தோட்டமாம். பிறகு செங்கல் சூளை, ரயில், வீடுகள்.”

“அதுக்கும் முந்தி?” என்று அம்மா கேட்டார்.

“ஆதிக்குடிச் சனம் இருந்ததாம். துரத்திப்போட்டாங்கள்.”

“அதுகள் எங்க போச்சுதுகள்?”

“அதை இதில எழுதேல்லை.”

ரயில் ஒன்று கடந்து போனது. அப்பா வரைபடத்தை மடித்து வைத்தார்.

அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அப்பாவைக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா தேடாத இடமில்லை. பிறகு அப்பாவையும் சேர்த்து எங்கள் மூவருக்கும் விசா வந்தது.

“அவர் வரேக்க வீட்டில ஆள் இருக்கவேணும்,” என்றார் அம்மா. நாங்கள் போகவில்லை.

போன மாதம், அதே வீட்டில், அம்மா இறந்தார். கல்கிசைக்குத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள் என் மகள். யாராவது கதவைத் தட்டினால் யார் திறப்பது என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.