தலையாட்டாத ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே கழுத்துச் சுளுக்கு என்று வெளியூரார் கேலி செய்வார்கள். எதைக் கேட்டாலும் தலையாட்ட மாட்டோம். விறைத்து நின்று "ஆமா", "இல்ல" என்று வாய்விட்டுத்தான் சொல்வோம். கட்சிக் கூட்டத்தில் "சம்மதமா?" என்று கேட்டால் மைதானமே கத்தும். மேடையில் இருப்பவர் அதை ஆதரவு என்று நினைத்துப் பூரித்துப்போவார். பாவம்.

எங்கள் அப்பாக்கள் காலத்தில் பட்டாளம் வந்து, ஆண்களைப் பள்ளி மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டது. எதிரே தலையில் சாக்கு மாட்டிய ஒருவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலை ஆடினால் முன்னால் நிற்பவனை லாரியில் ஏற்றினார்கள். ஏறியவர்கள் திரும்பவில்லை. பிறகு எத்தனையோ ஆட்சி மாறியது. யாரும் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தலையாட்டும் பிள்ளைக்கு முதுகில் ஒன்று வைத்து வளர்த்தோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

டேப்பக்காவின் அப்பா அந்த லாரியில் போனவர். அக்கா எனக்குப் பக்கத்து வீடு, தையல்கடைக்காரி. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைத் தூக்கத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அவள் வீட்டுக்காரரே சொல்வார். மிஷின் மிதித்தே தம்பியை ஆளாக்கினாள். அவன் பஸ் கண்டக்டரானான், சங்கத்தில் சேர்ந்தான். புதிய அரசு சங்கங்களைத் தடை செய்தது. மறுநாளே அவனை வீடு புகுந்து பிடித்துப்போனார்கள்.

அக்கா ஏறாத ஸ்டேஷன் இல்லை. "அவன் குரலை ஒரு தடவை கேட்டா போதும்டி" என்று என்னிடம் புலம்புவாள்.

பிறகு ஒரு காலையில் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் மைதானத்துக்கு வர வேண்டுமாம். என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுபவர். எல்லாக் கட்சிக்கும் கட்டுவார், எந்தக் கட்சியிலும் இல்லை. சங்கத்துக்கும் கட்டியிருந்தார்.

"நான் என்ன பண்ணேன், பயப்படாத" என்று சட்டை மாட்டினார். பித்தான் துளைக்குள் போகவே இல்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

கம்பி வேலிக்கு வெளியே அக்காவும் நானும் கைகோத்து நின்றோம். நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் அதே சாக்கு, அதே இரண்டு ஓட்டை. யாரோ உள்ளூர் ஆள் என்று புரிந்தது. பல பேர் கடந்து போனார்கள், சாக்கு அசையவில்லை. என் வீட்டுக்காரர் போய் நின்றார். அசையாதே, அசையாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

சாக்கு மெல்ல ஆடியது.

அவரை லாரியை நோக்கித் தள்ளினார்கள். அக்காதான் என்னைத் தாங்கிப் பிடித்தாள்.

அவருக்கு அடுத்து அக்காவின் வீட்டுக்காரர். சாக்கு அசையவில்லை. பக்கத்தில் நின்ற அதிகாரிக்குச் சந்தேகம். லத்தியால் சாக்கு மாட்டியவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டு, "இவனும்தானே?" என்று அதட்டினான்.

சாக்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "இல்ல சார். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

மைதானம் முழுக்கக் கேட்டது. தினமும் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று எங்களை விரட்டிய குரல். அக்காவின் கை என் கைக்குள் சில்லிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லாரி போய்விட்டது.

வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. அக்கா கடைக்குப் போனேன். மிஷின் முன்னால் துணியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் சுவரோடு ஒடுங்கினாள். என்னைப் பார்த்து அக்காவுக்குப் பயம். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம்.

"அது உன் தம்பிதானே?" என்று கேட்டேன்.

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. டேப் தொங்கிய அந்தக் கழுத்து மேலும் கீழும் அசைந்தது.

நான் பாய்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன்.

"ஆட்டாதக்கா" என்றேன். "உன் கால்ல விழறேன், வாயால சொல்லு."