மிஸ்டு கால் விடாதீங்க

போனில் ஒரு போட்டோ அனுப்பினால், அது போய்ச் சேரும்வரை எனக்கு இன்றும் இருப்புக் கொள்ளாது. "ஏம்மா, இது என்ன அடுப்புல வெச்ச பாலா, பாத்துக்கிட்டே நிக்க?" என்று மகள் கிண்டல் செய்வாள். கல்லூரியில் அவள் இதையேதான் படிக்கிறாள். அந்தக் காலத்து டவரில் பேச்சுக்குத்தான் முதல் மரியாதையாம். பேசுகிறவர்கள் போக மிச்சமிருக்கும் இடுக்கில் படம் துண்டு துண்டாக நுழைந்து போகுமாம். அடிப் போடி! இதற்கு ஒரு கல்லூரியா? உன்னை வைத்துத்தானே நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

அவள் பிறந்தபோது நான் சேந்தமங்கலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். எங்கள் முதல் பிள்ளை பிறந்த வாரமே போய்விட்டான். அவர் ரயிலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அதனால் இவள் பிறந்த சேதி சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மூஞ்சியப் பாக்கோணும் சாமி." எங்கள் பக்கம் பிரியமானவர்கள் எல்லாருமே 'சாமி'தான். மறுநாள் வண்டி காட்டுக்குள் போகிறது. அங்கே டவர் கிடையாது.

அண்ணன் தன் கேமரா போனில் படம் எடுத்து மெயிலில் போட்டான். அங்கே ரிக் மேனேஜரின் போனில்தான் நெட் வரும். அதைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். சாயங்காலமானால் ஊர்ப் பெண்கள் எல்லாம் ரிக்குக்குப் போன ஆம்பளைகளோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள், நெட் நகராது. அதனால் மத்தியானமே ஆரம்பித்தோம். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நிரம்பும். எவ்வளவு அழகு தெரியுமா அது! இப்போது விரலை எடுப்பதற்குள் போய்விடுகிறது, அதில் என்ன இருக்கிறது?

கோடு பாதி தாண்டியதும் ஒரு ரிங் அடித்து நின்றது. அவர்தான், மிஸ்டு கால். வெளி மாநிலத்தில் பேசினாலும் காசு, கேட்டாலும் காசு என்பதால் எங்கள் ஆட்களுக்கு அதுவே பாஷை. ஒரு ரிங் என்றால் 'என்னாச்சு?' என்று அர்த்தம். ரிங் ஓய்ந்தது, கோடும் செத்தது. மறுபடி முதலிலிருந்து அனுப்பினோம். மறுபடி பாதி, மறுபடி ரிங். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கால் வந்தா நெட்டு நின்னுருது சாமி. மாப்பள மிஸ்டு கால் உட்டு உட்டே கெடுக்கறாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! போனைப் பிடுங்கி அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கிறுக்கா புடிச்சிருக்குது உங்களுக்கு? நீங்க ரிங் உட உட இங்க போட்டா நின்னு நின்னு போவுதுங்க! கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க!"

"செரி சாமி, செரி" என்றார். வைத்த பிறகும் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ரிங் வரவில்லை. கோடு நிரம்பியது. "போயிருச்சு!" என்று அண்ணன் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இந்த முறை நிற்காமல் அடித்தது.

"வருது சாமி! மேல இருந்து கீழ வருது. நெத்தி வந்துருச்சு, கண்ணு வந்துருச்சு..."

"அய்யோ, முழுசா வாரதுக்குள்ள ஏனுங்க கூப்புட்டீங்க? இப்ப அங்கயும் நின்னுருக்குமுங்களே!"

அவர் மெதுவாக, "கண்ணு மூடியிருக்குது சாமி" என்றார்.

"தூங்குதுங்க."

"நெசமாவா?"

அந்த ஒரு வார்த்தையில் என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஒருக்கா அழ உடு சாமி. ஒரே ஒருக்கா."

பால் குடித்துவிட்டு அசந்து தூங்கிய பிள்ளையின் பாதத்தைக் கிள்ளினேன். வீலென்று கத்தினாள். போனை அவள் வாயருகே பிடித்தேன். அந்தப் பக்கம், வண்டி ஆட்கள் அத்தனை பேர் நடுவிலும் அவர் ஓவென்று அழுதார். அப்பாவும் மகளும் அழுது முடிக்கும்வரை நான் போனை விலக்கவில்லை.