‘இன்னா’வுக்கு விரிவாக்கம் சொன்னவர்

வேணுகோபால் சார் போய்விட்டார் என்ற செய்தி பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றிருந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் குழு முழுக்கக் கைகூப்பல்கள். ‘நம் ஆபீஸ் செய்த கம்ப்யூட்டருக்கு பேசிக் என்ற புரோகிராம் மொழி தந்த மேதை’ என்று ஒருவர் போட்டிருந்தார். நந்தனத்தில் அவருடன் வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும், அந்த மேதைக்கு பேசிக்கில் பத்து வரி சேர்ந்தாற்போல் எழுத வராது.

அந்த மொழியை எழுதியவர் சகாயமேரி. ராயப்பேட்டைக்காரர், டைப்பிஸ்டாகச் சேர்ந்து தானாகவே புரோகிராம் கற்றவர். அந்த இயந்திரத்தின் மொத்த நினைவகமே நான்கு கிலோபைட். மொழியையும் அதற்குள் அடக்கி, பயன்படுத்துகிறவருக்கும் இடம் விட வேண்டும். ஒவ்வொரு பைட்டாகச் சுரண்டினார். தப்பாக அடித்தால் திரையில் ‘இன்னா’ என்று நான்கே ஆங்கில எழுத்து வரும். “புரியலேன்னா நாம இன்னான்னுதானே கேப்போம் சார்? அதுவும் அப்டியே கேக்கட்டும்” என்றார்.

டெல்லி அதிகாரிகள் வந்த அன்று இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் சார். முதல் வரியையே தப்பாக அடித்தார். இன்னா என்றது இயந்திரம். வந்தவர்கள் அர்த்தம் கேட்டார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இன்புட் நாட் நார்மலி அக்செப்டபிள்” என்றார். பின்னால் நின்ற சகாயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த உளறல் மொழியின் கையேட்டிலும் ஏறியது. இன்று அதைத் தொலைநோக்கு என்று எழுதுகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

கையேட்டில் தன் பெயர் ஏன் இல்லை என்று சகாயமேரி ஒருமுறை கேட்டார். “யார் எழுதினா என்னம்மா, ஆபீஸ்தானே எழுதிச்சு” என்றார் சார். பதவி உயர்வு மட்டும் ஆபீஸுக்கு வரவில்லை, அவருக்கு வந்தது. சகாயமேரி அடுத்த மாதமே வேலையை விட்டார்.

நேற்று சாரின் அடையாறு வீட்டுக்கு சகாயமேரியும் வந்து மாலை வைத்தார். சாரின் மகன், “நீங்க அப்பாகிட்ட டைப்பிஸ்டா இருந்தவங்கதானே?” என்றார். “ஆமாம்பா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அவரை வுடுங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார்.

சாரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கையேட்டின் புரூஃப் தாள் ஒன்றுதான். ‘எழுதியவர்’ என்ற இடத்தில் சகாயமேரியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறார். அதன் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று இருப்பது என் கையெழுத்து.