முதுகு மூடலையாம்

எங்கள் அம்மாவுக்கு எதையும் மூடி வைக்கும் வழக்கமே கிடையாது. சர்க்கரை டப்பா திறந்தே கிடக்கும். எறும்பு குடும்பத்தோடு குடியேறும். “மூடிங்களை எல்லாம் பழைய இரும்புக்காரன் கைல குடுத்தா பேரீச்சம்பழமாச்சும் கெடைக்கும்” என்று நைனா கிண்டலடிப்பார். அம்மா சிரிப்பாளே தவிர மூட மாட்டாள். மந்தைவெளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் தினசரிக் கூத்து அது.

எனக்கு ஆறு வயதில் அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று நைனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கொயந்தைக்கு முதுகு மூடலையாம்க்கா” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அட, இவ்வளவுதானா! மூடினால் போயிற்று. தம்பியைக் காப்பாற்ற நான் கிளம்பிவிட்டேன். டப்பா, குடம், ஜன்னல், கண்ணில் பட்டதையெல்லாம் மூடினேன். கொதிக்கிற சோற்றையும் மூடினேன். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது.

“இன்னாடி பண்ணிக்கினு கீற?” என்று அம்மா ஓடிவந்தாள்.

“தம்பி முதுகு மூடணும்ல, அதான்.”

அம்மா அடுப்பைத் துடைக்கவில்லை. என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: “நான் எல்லாத்தியும் தொறந்து போட்டதாலதான் இப்டி ஆச்சாடி?”

“ஆமா” என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

தம்பி பிறந்தான், வீட்டுக்கு வராமலே போய்விட்டான். அதன் பிறகு அம்மா எதையும் திறந்து போட்டதே இல்லை. எங்கம்மா திருந்திவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நான் உண்டாகியிருக்கிறேன். முதுகு ஏன் மூடாமல் போகிறது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். கரு முதலில் தோசை மாதிரி தட்டையாக, மூன்று அடுக்காக இருக்குமாம். மேலடுக்கின் நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு ஓரமும் எழும்பி ஒட்டிக் குழாயாகுமாம். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வருமாம். சில சமயம் ஓரம் ஒட்டாமலே நின்றுவிடுகிறது. அதுவும் எப்போது? நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தாய்க்கே சரியாகத் தெரியாத நேரத்தில். இதைச் சொல்ல எனக்கு இன்று அம்மா இல்லை.

அன்று அவள் விளையாட்டாகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று ஒருத்தராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தவித்துத்தான் ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டாள் என்பது எனக்கு எங்கே தெரியும்?