‘பலமு’ என்றால் எவ்வளவு நேரம்?

போன வாரம் ஒருநாள் என் தங்கச்சி சுதா சாப்பிடவே இல்லை. சோறு ஆறிக்கொண்டிருக்க, லேப்டாப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். வில்கமுவவில் ஒரு மனிதர் வேனில் இடமில்லாமல் ரோட்டில் நின்றுவிட்டார்... இவளால்.

சுதா மாத்தளையில் வீட்டிலிருந்தே சொஃப்ட்வெயார் வேலை பார்ப்பவள். எங்கள் நண்பர்கள் சிலர் தூரத்து வில்கமுவ கிராமப் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளை டயலிசிஸுக்கு மாத்தளைக்குக் கூட்டிவர ஒரு வேன் ஓட்டுகிறார்கள். யாருக்கு மெசேஜ் போடுவது, யாருக்கு சீட், வராவிட்டால் அடுத்தவர் யார் — இதை வரிசையாக நடத்தும் ஏற்பாடு இவள் செய்து கொடுத்ததுதான். சொந்தமாக சேர்வர் கிடையாது. கிளவுட்டில் கிடைக்கும் ஒரு சேவை. கல்யாண வீட்டில் "பந்தி முடிஞ்சிருச்சா, அடுத்து என்ன?" என்று நின்று நடத்துவாரே ஒரு மாமா, அவர் வேலைதான் அதற்கும்.

அப்படிப்பட்ட சேவைகள் பல உண்டாம். சுதா எடுத்தது வேகமானது, மலிவானது. நாமாக இருந்தாலும் அதைத்தானே எடுப்போம்?

ரோட்டில் நின்றவர் சோமபால ஐயா. அவருக்கு முந்தின நாள் மத்தியானம் மெசேஜ் போயிருக்கிறது — நாளை வருகிறீர்களா? அவர் சிங்களத்தில் "பலமு" என்று பதில் போட்டிருக்கிறார். அதாவது, பார்ப்போம். மெயின் ரோட்டுக்கு வர யாருடைய டிராக்டராவது கிடைக்க வேண்டும். அது சாயங்காலம்தான் தெரியும். ஏற்பாட்டுக்கோ ஆமாம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு பதில் தெரியாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு சீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. சாயங்காலம் அவர் "வருகிறேன்" என்று அனுப்பியதை வாங்க அங்கே யாருமில்லை.

வேன் ஓட்டும் நளீம் நானா காலையில் போனில் கோல் எடுத்தார். "சந்தியில அந்த மனிசன் பேக்கோட நின்டாரு தங்கச்சி. லிஸ்ட்டுல பேரும் இல்ல, சீட்டும் இல்ல. நான் என்னத்த சொல்ற?"

மறுநாள் பஸ் பிடித்து வந்தபோது, டயலிசிஸ் தள்ளிப்போனதில் அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்ததாம்.

"டெஸ்ட் பண்ணினப்ப நாங்க எல்லாருமே டவுன்ல இருந்தோம்க்கா. மெசேஜ் வந்ததுமே பதில் போட்டோம்," என்றாள் சுதா. "அந்த சேவை அஞ்சு நிமிஷத்துக்கு மேல எதையும் வச்சிருக்காது. அது அப்படித்தான். நான்தான் பாக்கல."

வேறு தேடினாள். ஒன்று ஆயிரம் வேலையை ஒரே நேரத்தில் செய்யுமாம். இன்னொன்றில் மாட்டினால் பிறகு வேறு சேவைக்கு மாறுவது கஷ்டமாம். மூன்றாவது, ஒரு வருடம் வரை பதிலுக்காகக் காத்திருக்குமாம்.

"காத்திருக்கிறதுக்கும் காசு கேப்பாங்களே?" என்றேன்.

"இல்லக்கா. வேலை செய்ற ஒவ்வொரு படிக்குந்தான் காசு. பதில் வர்ற வரைக்கும் தூங்கும். எழும்பினா எந்த எடத்துல நின்னோம்னு மறக்காது."

அப்படியானால் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும். கூரைப் பீலியில் மழைத்தண்ணி ஒழுகுகிறது என்றதற்கு என் கணவர் "பாப்போம்" என்று சொன்னது போன மழைக்காலம்...

யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே "இல்லை" என்று யார் சொல்கிறார்கள்? "பாப்போம்" என்போம். சில நேரம் அது மறுப்பு. பல நேரம், முடிவு என் கையில் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். சொந்த டிராக்டர் இருப்பவர் உடனே பதில் சொல்லிவிடுவார். இல்லாதவருக்குப் பொழுது சாய வேண்டும். வேகத்தை மட்டும் பார்த்து நாம் எதை எடுத்தாலும், அது முதலில் விட்டுவிட்டுப் போவது இவரைத்தான்.

சுதா மூன்றாவதை எடுத்தாள். ஆமாம், இல்லை — பக்கத்தில் "பாப்போம்" என்று இன்னொரு வழியும் போட்டாள். அந்த வழியில் போனால் சீட் இரவு வரை அவருக்கே. அப்போதும் பதில் இல்லையென்றால் நளீம் நானா கோல் எடுத்துக் கேட்பார்.

நேற்று சோமபால ஐயாவுக்கு மறுபடி மெசேஜ் போனது. பதில்? அதே "பலமு". சுதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏற்பாடு அது பாட்டுக்குத் தூங்கியது. பொழுது சாய்ந்த பிறகு வந்தது — "வருகிறேன்".

இன்று காலை நளீம் நானா சொன்னார்: "ஏத்திட்டேன் தங்கச்சி. முன் சீட்டுல." சுதா அதற்குப் பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் ஒருவரை மறப்பதற்கு மெஷின் எதற்கு? அதற்குத்தான் நாம் இருக்கிறோமே.