குட்மேய்ஸில் எழுந்து வந்த பிணங்கள்

இன்று காலை மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, குட்மேய்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள தெரு வழியாகக் கடைக்குப் போனேன்.

மூலையில் திரும்பியதும் பத்துப் பதினைந்து பேர் இரத்தம் வழிய, தள்ளாடித் தள்ளாடி எதிரே வந்தார்கள். ஒருவருக்கு ஒரு கையே இல்லை.

எங்கேயோ குண்டு வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊரில் போர்க்காலத்தில் பார்த்தது போதாதென்று, புலம்பெயர்ந்து வந்த இங்கேயுமா? பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, ஆராவது ஓடி வாங்கோ!" என்று கத்தினேன்.

கண் பிதுங்கிய ஒருவன் நேரே என்னிடம் வந்தான்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. நானும் யாழ்ப்பாணம்தான்."

பிணம் தமிழில் பேசியதும் இன்னும் பயந்துபோனேன்.

"படம் எடுக்கினம் அக்கா. ஸோம்பிப் படம். செத்த ஆக்கள் எழும்பி வாற கதை. இது ரத்தமில்லை, சாயம் போட்ட சீனிப்பாணி."

அப்போதுதான் சூப்பர்மார்க்கெட் டிராலியில் கட்டியிருந்த கமெரா கண்ணில் பட்டது. டைரக்டர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு அவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"நீங்கள் கத்தினது நல்லா இருந்ததாம் அக்கா. இன்னொருக்கா கத்த ஏலுமோ எண்டு கேக்கிறார்."

"ஏலாது தம்பி" என்றேன். அதுவே காற்றாகத்தான் வந்தது.

அது சிரிப்புப் படமாம். வெளிவந்ததும் யாராவது பார்த்துவிட்டு, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள்.